பாதை இருக்கு... ஆனா போகக் கூடாது! மூடிய மலைப்பாதைகளை மேப் காட்டலாமா?

மொபைலில் ஏதாவது ஒரு மேப் ஆப்பைத் திறந்து, தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். போடி, குரங்கணி, அதற்கு மேலே கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன். ஊர்ப் பெயர்களுக்கு நடுவே சில ஆப்களில் மெல்லிய புள்ளிக்கோடுகள் மலை மேல் ஏறிப் போவது தெரியும். அவை நடைபாதைகள்.

அந்தக் கோடு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: இங்கே ஒரு பாதை இருக்கு. அதில் யார் போகலாம், எந்த மாதத்தில் போகலாம், அனுமதி வாங்கணுமா, வனத்துறை மூடி வைத்திருக்கிறதா? இதில் எதையும் அந்தக் கோடு சொல்வதில்லை.

அப்படியென்றால் மூடப்பட்ட பாதைகளை மேப்பில் காட்டவே கூடாதா? அழித்துவிட்டால் ஆபத்து குறையுமா? அல்லது இன்னும் அதிகமாகுமா? மேப் தயாரிப்பவர்கள், வனத்துறைகள், மீட்புக் குழுக்கள் என்று உலகம் முழுக்கப் பலர் மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

குரங்கணி சொன்ன பாடம்

2018 மார்ச் 11. குரங்கணி மலையில் காட்டுத் தீ. சென்னையில் இருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியில் இருந்தும் மலையேற்றத்துக்குப் போன இரண்டு குழுக்கள், கொழுக்குமலையில் இருந்து இறங்கும் வழியில் தீயில் சிக்கின. காய்ந்து கிடந்த புல், வேகமான காற்று, செங்குத்தான சரிவு. தப்பிக்க நேரமே கிடைக்கவில்லை. சம்பவ இடத்திலும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முதலில் ஓடிப் போய்க் காப்பாற்றியவர்கள் உள்ளூர் மக்கள். பிறகுதான் விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தார்கள்.

அனுமதி இல்லாத பாதையில் போய்விட்டார்கள் என்று அரசுத் தரப்பு அப்போது சொன்னது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மேப் பார்த்து வழி தவறியவர்கள் இல்லை. ஏற்பாட்டாளர்களோடு குழுவாகப் போனவர்கள். எனவே அந்த விபத்துக்கு மேப் மீது பழி போட முடியாது.

ஆனால் 'பாதை இருக்கு' என்பதற்கும் 'போக அனுமதி இருக்கு' என்பதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்பதை குரங்கணி காட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் 2018-லேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைன் பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி என்பதுதான் திட்டம். காட்டுத் தீ காலத்தில் இந்தப் பாதைகளும் மூடப்படுகின்றன.

அதாவது, அனுமதி உள்ள பாதைகள் எவை என்ற பட்டியல் இன்று இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், உங்கள் கையில் இருக்கும் மேப் ஆப்புக்கு அந்தப் பட்டியல் தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மேப்பில் இந்தக் கோடுகளைப் போடுவது யார்?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. மலையேறுபவர்கள் பயன்படுத்தும் ஆப்களில் நிறைய, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தரவில்தான் ஓடுகின்றன. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது இது. விக்கிபீடியா மாதிரியே யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கித் திருத்தலாம். அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் ஆப்பில் போட்டுக்கொள்ளலாம்.

இதன் அடிப்படை விதி எளிமையானது. தரையில் எது இருக்கிறதோ அதை வரை. அங்கே போய்ப் பார்க்கும் இன்னொருவர் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும். அவ்வளவுதான். ஆகவே ஒரு பாதை சட்டப்படி மூடப்பட்டிருந்தாலும், தரையில் கண்ணுக்குத் தெரிகிற வரை மேப்பில் இருக்கும்.

வரைபவர்கள் எல்லோரும் நேரில் போய்ப் பார்ப்பதும் இல்லை. பலர் வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கோடு போடுகிறார்கள். மேலே இருந்து பார்க்கும்போது வனத்துறை வெட்டிய தீத்தடுப்புக் கோடும் பாதை மாதிரிதான் தெரியும். மாடு நடந்த தடமும், யானை நடந்த தடமும்கூட அப்படித்தான்.

இன்னொரு ஊற்று, உடற்பயிற்சி ஆப்கள். நடப்பவர்களின் ஜிபிஎஸ் தடங்களை எல்லாம் சேர்த்து, 'ஹீட்மேப்' என்று வெளியிடுகிறது ஸ்ட்ராவா நிறுவனம். 2018 ஜனவரியில் அந்த ஹீட்மேப்பில் ராணுவ முகாம்களின் உள்வழிகள்கூடத் தெரிந்தது பெரிய சர்ச்சையானது. காட்டிலும் இதே கதைதான். பத்துப் பேர் அனுமதி இல்லாமல் ஒரு வழியில் நடந்தால் அது ஹீட்மேப்பில் மெல்லத் தெரியும். அதைப் பார்த்து ஒருவர் மேப்பில் வரைவார். மேப்பைப் பார்த்து நூறு பேர் போவார்கள். இப்போது கோடு இன்னும் அழுத்தமாகத் தெரியும்!

'காட்டாதே' என்பவர்கள் சொல்வது என்ன?

வனத்துறையினர், இயற்கை ஆர்வலர்கள், மீட்புக் குழுவினர் தரப்பில் மூன்று முக்கிய வாதங்கள் வைக்கப்படுகின்றன.

முதலாவது, உயிர் ஆபத்து. ஸ்காட்லாந்தில் உள்ள பென் நெவிஸ் மலை 1,345 மீட்டர் உயரம். பிரிட்டனிலேயே உயரமானது. உச்சிக்குப் போக கூகுள் மேப்ஸ் காட்டும் வழி உயிரைப் பறிக்கக் கூடியது என்று 2021 ஜூலையில் அங்குள்ள ஜான் மியூர் அறக்கட்டளையும் ஸ்காட்லாந்து மலையேற்ற அமைப்பும் எச்சரித்தன. கார் நிறுத்துமிடத்தில் இருந்து உச்சிக்கு ஒரு புள்ளிக்கோடு. அனுபவசாலிகளே யோசிக்கும் செங்குத்துச் சரிவு அது. எச்சரிக்கைக்குப் பிறகே கூகுள் அதைத் திருத்தியது.

2023 நவம்பரில் கனடாவின் வான்கூவர் அருகே ஃப்ரோம் மலையில் ஒருவர் சிக்கிக்கொண்டு, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். அவர் தேடிப் போன பாதை கூகுள் மேப்ஸில் இருந்தது, தரையில் இல்லை என்று மீட்புக் குழு பகிரங்கமாகவே சொன்னது. அதற்குப் பிறகு அந்தப் பாதை மேப்பில் இருந்து நீக்கப்பட்டது.

இரண்டாவது, காடு. மூடிய பாதை என்றால் பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மண் அரிப்பு, மீண்டும் வளர வேண்டிய செடிகள், பறவைகள் கூடு கட்டும் காலம், யானை வழித்தடம். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று தமிழ்நாட்டில் ஐந்து புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. இதற்குள் புதிதாக ஓர் ஒத்தையடிப் பாதை உருவாவது சின்ன விஷயம் கிடையாது. பாதை உருவானால் ஆள் வருவார். ஆளோடு பிளாஸ்டிக்கும் தீக்குச்சியும் வரும்.

மூன்றாவது, சட்டம். காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயங்களுக்கு 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. மேப் பார்த்துத்தான் வந்தேன் என்று சொன்னால் வழக்கில் இருந்து தப்ப முடியாது.

'அழிக்காதே' என்பவர்கள் சொல்வது என்ன?

எதிர்த்தரப்பு வாதங்களும் லேசானவை அல்ல.

ஒரு பாதையை மேப்பில் இருந்து நீக்கினால் அது தரையில் இருந்து மறைந்துவிடாது. அதன் வீடியோ யூடியூபில் இருக்கும், ரீல்ஸில் இருக்கும். தடத்தை ஃபைலாகச் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஃபைலில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. மேப்பில் 'மூடப்பட்டது' என்று இருந்தால் அங்கேயாவது ஒருவர் படித்திருப்பார்.

அடுத்தது, அழித்தால் திரும்ப வரும். நீங்கள் இன்று நீக்குகிறீர்கள். அடுத்த மாதம் இன்னொருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கிறார். அட, இங்கே ஒரு பாதை விட்டுப்போயிருக்கே என்று நல்ல எண்ணத்தோடு மறுபடியும் வரைகிறார். இந்த முறை அது சாதாரணப் பாதையாகப் பதிவாகும். மூடப்பட்ட விவரம் அவருக்குத் தெரியாது. அதாவது நீக்கியதால் நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது.

மூன்றாவது வாதம் மீட்புப் பணி. காட்டுத் தீயின்போது சிக்கியவர்களை எந்த வழியாகக் கீழே கொண்டுவருவது? தீயணைப்பவர்கள் எந்த வழியாக மேலே போவது? அந்த நேரத்தில் பழைய பாதை, கைவிட்ட பாதை எல்லாமே தேவைப்படும். வழி தவறி மூடிய பாதையில் நிற்கும் ஒருவருக்கும், தான் எங்கே நிற்கிறோம் என்று மேப் சொன்னால்தான் திரும்பி வர முடியும்.

நான்காவதுதான் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத விஷயம். 'மூடிய பாதை' என்பது யாருக்கு மூடிய பாதை? குரங்கணி மலைப்பகுதியில் முதுவர், பளியர் போன்ற பழங்குடி மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்குத் தடை செய்யப்பட்ட அதே வழி, அவர்களுக்கு ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் போகும் வழியாக இருக்கலாம். தேன் எடுக்கப் போகும் வழியாக இருக்கலாம். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. அந்தப் பாதையை மேப்பில் இருந்து துடைத்தால், அங்கே வழியே இல்லை என்று ஆவணம் சொல்லத் தொடங்கும். நாளைக்கு உரிமை கேட்கும்போது அதுவே அவர்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

உண்மையான சிக்கல் எங்கே இருக்கு?

இரண்டு தரப்பையும் கேட்டால் ஒன்று புரியும். 'மூடிய பாதை' என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, சில மாதங்கள் மட்டும் மூடப்படும் பாதை. கோவை வெள்ளியங்கிரி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் ஏறலாம். மற்ற மாதங்களில் வனத்துறை விடாது. ஆனால் மேப்பில் ஆண்டு முழுக்க ஒரே கோடுதான்.

இரண்டு, நிரந்தரமாக மூடப்பட்ட பாதை. அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் ஹைக்கூ படிக்கட்டு என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடியோ நிலையத்துக்காகப் போட்டது. 3,922 படிகள். 1987-லேயே பொதுமக்களுக்கு மூடியாச்சு. ஆனாலும் ஆட்கள் திருட்டுத்தனமாக ஏறிக்கொண்டே இருந்தார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொல்லி அலுத்துப்போனார்கள். கடைசியில் படிக்கட்டையே அகற்றுவது என்று ஹொனலுலு நகர நிர்வாகம் முடிவெடுக்க, அதுவும் நீதிமன்றத்தில் சிக்கியது. இவ்வளவு பிரபலமான ஒன்றை மேப்பில் மறைத்து என்ன பயன்?

மூன்று, யாரும் அனுமதி கொடுக்காமல் நடந்து நடந்து உருவான குறுக்குவழி. நான்கு, இல்லவே இல்லாத பாதை. ஃப்ரோம் மலையில் இருந்த மாதிரி, யாரோ தவறாக வரைந்தது.

நான்காவது வகையை உடனே நீக்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மீதி மூன்றுக்கும் தேவைப்படுவது சரியான குறிப்பு.

அந்தக் குறிப்புக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு பாதையை வரையும்போதே 'அனுமதி இல்லை', 'அனுமதிச் சீட்டு வேண்டும்', 'குறிப்பிட்ட மாதங்களில் மட்டும்', 'தானாக உருவான வழி', 'கைவிடப்பட்டது' என்றெல்லாம் பதிவு செய்ய முடியும். வரைபவர் அதைப் போட்டாலும், அதை உங்கள் திரையில் காட்டுவதா வேண்டாமா என்பது ஆப் நிறுவனத்தின் முடிவு. சில ஆப்கள் தடை உள்ள பாதையை மங்கலாகக் காட்டும். சிலவற்றில் எல்லாப் பாதையும் ஒரே நிறம். வழி கேட்டால் அதில் கூட்டிக்கொண்டும் போகும்.

அதாவது தகவல் தரவில் இருக்கிறது. உங்கள் கைக்கு வரும்போது காணாமல் போகிறது.

நடவடிக்கை எடுக்க வேண்டியது யார்?

இது மலைக்கு மட்டுமான பிரச்னை இல்லை. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றில் வெள்ளத்தால் இடிந்த பாலத்தில் இருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப்பில் பாலம் முழுசாக இருந்தது. சாலையில் போதிய தடுப்பும் இல்லை. தவறு மேப்பில் மட்டுமா? தடுப்பு வைக்காதவர்களிடம் இல்லையா? இதே கேள்விதான் காட்டுப் பாதைக்கும்.

முதல் பொறுப்பு அரசுத் துறைக்கு. ஒரு பாதையை மூடும்போது பொதுவாகச் செய்திக் குறிப்பு வரும், செக்போஸ்ட்டில் போர்டு வைப்பார்கள். மனிதர்கள் படிக்க அது போதும். ஆப் படிக்க அது போதாது. எந்தப் பாதை, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, யாருக்குத் தடை என்பதை இருப்பிட விவரத்தோடு திறந்த தரவாக வெளியிட்டால், மேப் தயாரிப்பவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களும், நிலத்தை நிர்வகிக்கும் துறையினரும், ஆப் நிறுவனத்தினரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் முயற்சி நடந்துவருகிறது.

இரண்டாவது, ஆப் நிறுவனங்கள். தடை உள்ள பாதையை வேறு நிறத்தில் காட்ட வேண்டும், அந்த வழியாகக் கூட்டிப் போகக் கூடாது, தொட்டால் காரணம் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் தொழில்நுட்ப ரீதியாகப் பெரிய வேலை இல்லை.

மூன்றாவது, வரைபவர்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரிகிற ஒவ்வொரு கோட்டையும் பாதை என்று போடாமல், தெரிந்தவர்களிடம் கேட்டுப் போடலாம்.

எதையுமே மறைக்கக் கூடாதா?

விதிவிலக்கு உண்டு. அரிய பறவையின் கூட்டுக்கோ, அழியும் நிலையில் உள்ள ஒரு செடி இருக்கும் இடத்துக்கோ மட்டும் போகும் தடத்தை எல்லோருக்கும் காட்டுவதில் எந்த நன்மையும் இல்லை. உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆபத்தில் உள்ள உயிரினம் என்றால் சரியான இடத்தைக் காட்டாமல், சுமார் 20 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் புள்ளி வைத்துவிடும். உண்மையான இடம் உள்ளே பத்திரமாக இருக்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பால் இப்படிச் செய்ய முடியாது. அங்கே தரவு எல்லாமே எல்லோருக்கும் திறந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வைக்க வழியில்லை. எனவே இந்த மாதிரி இடங்களை முதலிலேயே வரையாமல் விடுவதுதான் ஒரே வழி. பழங்குடி மக்கள் தங்கள் கோயிலுக்கும் காட்டுக்கும் போகும் வழியை வெளியே காட்ட வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் இதே மரியாதை வேண்டும். வரைவதா, விடுவதா என்பதில் அங்கே வாழ்பவர்களின் வார்த்தைக்குத்தான் முதல் இடம்.

மற்றபடி, பாதையை மறைப்பதால் அதிகம் நன்மை இல்லை. தடையை மறைப்பதால்தான் ஆபத்து.

மலையேறப் போறீங்களா? இதைக் கவனிங்க

* மேப்பில் கோடு இருப்பது அனுமதி ஆகாது. வனத்துறை அல்லது ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் அந்தப் பாதை பட்டியலில் இருக்கிறதா, அந்தத் தேதியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

* பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத் தீ காலம். போன வருஷம் போனோமே என்று கிளம்ப வேண்டாம்.

* ஏற்பாட்டாளர் கூட்டிப் போகிறார் என்றால் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எந்தப் பாதை எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பாதி வழியில் 'இந்தப் பக்கம் போனா வியூ நல்லாருக்கும்' என்று மாற்றினால் கேள்வி கேளுங்கள்.

* எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மலையில் சிக்னல் இருக்காது.

* மூடிய பாதையில் போன தடத்தை ஆப்பில் பொதுவில் பதிவேற்ற வேண்டாம். உங்களுக்குப் பின்னால் வருபவர் அதைத்தான் பாதை என்று நம்புவார்.

* மேப்பில் தவறு கண்டால் அந்த ஆப்பிலேயே புகார் செய்யுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறிப்பு விடலாம். 'இந்தப் பாதை மூடப்பட்டிருக்கிறது, செக்போஸ்ட்டில் போர்டு பார்த்தேன்' என்று ஒரு வரி போதும். வரைபவர் அதைப் பார்த்துத் திருத்த முடியும்.